எலி நின்றால் பைத்தியம் தெளியுமா?

எலிக்கு ஊசி போட்டுக் கூண்டில் விட்டுவிட்டு, அது எத்தனை தடவை ஓடிற்று, எத்தனை தடவை முகர்ந்தது, எத்தனை தடவை கம்பியைக் கடித்தது என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலையா, இதற்குப் பெரிய படிப்பும் லட்சக்கணக்கான பணமும் வேண்டுமா என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். பிள்ளையாரையே சுமந்து திரிவதாகச் சொல்லப்படும் பிராணிக்கு வெறி மருந்து கொடுப்பதா என்று வேறு சிலர் கோபித்துக்கொள்ளவும் கூடும். முதல் கேள்விக்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறோம். இரண்டாவது கேள்விக்குப் பிள்ளையாரே பதில் சொல்லிக்கொள்ளட்டும்.

விஷயம் இதுதான். ஆம்பெட்டமின் என்று ஒரு மருந்து உண்டு. அது தூக்கத்தை விரட்டும், பசியை அடக்கும், உடம்பில் இல்லாத சுறுசுறுப்பை இருப்பதாகக் காட்டும். 1930களில் மேல்நாடுகளில் மூக்கடைப்புக்கென்று உறிஞ்சும் குழாயில் வைத்து விற்றார்கள். பிறகு மாத்திரையாக விற்றார்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் சிப்பாய்களுக்குக் கொடுத்தார்கள். இதற்கு உறவான மெதாம்பெட்டமின் யுத்தத்துக்குப் பிறகு ஜப்பானில் ஊரெல்லாம் பரவிப் போய், 1951இல் சட்டம் போட்டுத்தான் அதை அடக்க வேண்டியதாயிற்று.

இந்த ஆம்பெட்டமினை ஆராய்ச்சிசாலை எலிக்கு அதன் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்கிற கணக்கில் ஊசி மூலம் கொடுத்தால், அது கூண்டு முழுவதும் ஓடும். பின்னங்காலில் எழுந்து நிற்கும். மூலைக்கு மூலை போய் முகரும். அதையே 5 மில்லிகிராம், அதற்கு மேல் என்று ஏற்றிக்கொண்டு போனால் ஓட்டம் குறைந்து வேறொரு காரியம் ஆரம்பமாகிறது. எலி ஓர் இடத்தில் நின்றுகொள்ளும். தலையைக் கீழே தொங்கவிட்டு, ஒரே இடத்தை முகர்ந்துகொண்டே இருக்கும், நக்கும், கம்பியைக் கடிக்கும், தலையை ஆட்டும். தீனி வைத்தாலும் திரும்பிப் பாராது. இன்னொரு எலியைக் கொண்டு வந்து விட்டாலும் சட்டை செய்யாது. மருந்து தீருகிற வரையில் மணிக்கணக்காக இதே வேலைதான்.

ஊசி போட்ட சங்கதி தெரியாமல் நமது பூசாரி ஒருவர் வந்து இந்தக் கூண்டைப் பார்ப்பாரானால் என்ன சொல்லுவார்? இது வெறும் எலி அல்லவென்றும், ஏதோ ஒரு சக்தி இதன்மேல் இறங்கியிருக்கிறதென்றும், அது மலையேற வேண்டுமானால் கோழியும் சாராயமும் வேண்டுமென்றும் சொல்லுவாரா மாட்டாரா?

ஆராய்ச்சிக்காரன் கோழி கேட்பதில்லை. அவன் ஹாலோபெரிடால் என்னும் மருந்தில் கிலோவுக்குப் பத்தில் ஒரு பங்கு மில்லிகிராம் போன்ற சொற்ப அளவை முன்னதாகப் போட்டுவிட்டு, பிறகு அதே ஆம்பெட்டமினைக் கொடுக்கிறான். ஓட்டமும் அடங்கிவிடுகிறது, ஆட்டமும் அடங்கிவிடுகிறது. வேப்பிலையும் இல்லை, உடுக்கையும் இல்லை. அதற்குப் பதிலாக உப்புத் தண்ணீரைப் போட்டிருந்தால் எதுவும் அடங்குவதில்லை. இதில் முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. எந்த எலிக்கு மருந்து, எந்த எலிக்கு உப்புத் தண்ணீர் என்பது எலியைப் பார்த்துக் குறிப்பெழுதுகிறவனுக்கே தெரியாதபடி குப்பிகளுக்கு அடையாளக் குறி போட்டு வைத்துவிடுகிறார்கள். எண்ணி முடித்த பின்புதான் குறியைப் பிரித்துப் பார்ப்பது. ஏனென்றால், பார்க்கிறவனுக்கு ஆசை இருந்தால் கண்ணும் ஆசைக்குத் தக்கபடிதான் பார்க்கும் என்பதை அவர்கள் அறிந்திருக்கிறார்கள். நம் ஊர் மந்திரவாதி இந்த நிபந்தனைக்கு ஒப்புவாரா? மந்திரித்த தாயத்து எது, மந்திரிக்காத தாயத்து எது என்று அவருக்கே தெரியாமல் இருபது பேருக்குக் கட்டிப் பார்க்கச் சம்மதிப்பாரா?

இதற்காக, சாமியாடுகிறவன் ஒவ்வொருவன் மூளையிலும் ஆம்பெட்டமின் எலியின் மூளையில் நடப்பதுதான் நடக்கிறது என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படி ருசு இல்லாமல் சொன்னால் நாமும் ஒரு பூசாரியாகத்தான் ஆவோம். நாம் சொல்லுவது ஒன்றே. ஒரு ஜீவன் தன் வசமிழந்து ஆடுவதற்கு வெளியிலிருந்து ஓர் ஆவி வந்துதான் தீரவேண்டும் என்பதில்லை. கைப்பிடி உப்பை விடக் குறைந்த ஒரு சரக்கு போதும். அதை நிறுத்த இன்னொரு சரக்கு போதும். இரண்டையும் நிறுத்துப் பார்க்கலாம், அளந்து பார்க்கலாம், மறுநாளும் செய்து காட்டலாம்.

எலியிலிருந்து மனிதனுக்கு வருவோம். லண்டனில் பிலிப் கானல் என்னும் வைத்தியர், ஆம்பெட்டமினை மிதமிஞ்சித் தின்று சித்தம் கலங்கிய 42 பேர்களைப் பற்றி 1958இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். யாரோ தன்னைத் துரத்துகிறார்கள், தன்னைப் பற்றியே பேசுகிறார்கள், இல்லாத குரல் காதில் கேட்கிறது என்று அவர்கள் சொன்னவை எல்லாம் ஸ்கிஸோஃப்ரீனியா என்று வைத்தியர்கள் பெயரிட்டிருக்கும் மனநோய்க்காரர் சொல்லுவதைப் போலவே இருந்தன. மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலோர் தெளிந்தார்கள். சுவீடனில் ரிலாண்டர் என்பவர் 1972இல் எழுதினார்: இந்த மருந்துக்கு அடிமையானவர்கள் கடிகாரத்தையோ ரேடியோவையோ பிரித்துப் போடுவதும் பூட்டுவதுமாக மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. எலி கம்பியைக் கடிப்பதற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. டென்மார்க்கில் ராண்ட்ரப், முங்க்வாட் என்னும் இருவர், எலி மட்டுமல்ல, பல ஜாதிப் பிராணிகளும் மனிதனும் இம்மருந்தினால் ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன என்று 1967இல் எடுத்துக் காட்டினார்கள். ஜாதி என்று நாம் இங்கே சொல்லுவது நிஜமாகவே இருக்கும் ஜாதியை. மனு எழுதி வைத்ததை அல்ல.

இதற்கு முன்பே பாரிஸில் வேறொரு காரியம் நடந்திருந்தது. 1950 கடைசியில் ஒரு பிரெஞ்சு மருந்துக் கம்பெனி குளோர்புரோமசின் என்னும் சரக்கைச் செய்தது. 1952இல் சங்க்த் ஆன் ஆஸ்பத்திரியில் டிலே, டெனிக்கர் என்ற வைத்தியர்கள் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். வருஷக்கணக்காகக் கூச்சலும் அடிதடியுமாக இருந்த வார்டுகள் அடங்கின. பேயென்றும் கர்மவினை என்றும் சொல்லப்பட்ட வியாதி மாத்திரைக்குக் கட்டுப்பட்டது. பெல்ஜியத்தில் பால் யான்சென் என்பவரின் ஆராய்ச்சிசாலையில் 1958 பிப்ரவரியில் ஹாலோபெரிடால் செய்யப்பட்டது. ஆம்பெட்டமின் தின்றுவிட்டுப் பந்தயத்தில் சைக்கிள் ஓட்டிய ஆட்களுக்குச் சித்தம் கலங்கியதைக் கேள்விப்பட்டே, ஆம்பெட்டமினை எதிர்க்கும் மருந்து பைத்தியத்தையும் எதிர்க்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றியதாக அம்மருந்தின் சரித்திரத்தில் சொல்லப்படுகிறது. அதுமுதல் மருந்துக் கம்பெனிகளுக்கு எலியே வைத்தியராகிவிட்டது. புதிதாக எந்தச் சரக்கைச் செய்தாலும் முதலில் ஆம்பெட்டமின் எலிக்குக் கொடுத்துப் பார்ப்பது. எலி அடங்கினால் மேலே போவது. அடங்காவிட்டால் அலமாரியில் வைத்துவிடுவது.

இந்தச் சரித்திரத்தில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சர்ப்பகந்தா என்னும் செடியின் வேர் இந்நாட்டில் வெகு காலமாகப் பாம்புக்கடிக்கும் பைத்தியத்துக்கும் கொடுக்கப்பட்டு வந்தது. 1931இல் கல்கத்தாவில் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர் அது சித்தக்கலக்கத்துக்கும் இரத்தக் கொதிப்புக்கும் பயன்படுகிறது என்று எழுதினார்கள். 1949இல் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல் இரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த கணக்கைப் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். 1952இல் சுவிட்சர்லாந்துக் கம்பெனிக்காரர்கள் வேரிலிருந்து ரெசர்ப்பின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். உடனே நம் பண்டிதர்கள், பார்த்தீர்களா, எல்லாம் நம் முன்னோர்கள் ரிஷிகளாக இருந்து கண்டது என்று மார்தட்டலாம். வேர் நம்முடையதுதான், சந்தேகமில்லை. ஆனால் அதே வேரைப் பாம்புக்கடிக்கும் சேர்த்துத்தானே கொடுத்துக்கொண்டிருந்தோம்? பைத்தியத்துக்கு உதவுகிறது, பாம்பு விஷத்துக்கு உதவாது என்று பிரித்துச் சொல்ல ரிஷி வரவில்லை. எண்ணிப் பார்த்தவன்தான் வந்தான்.

இந்த ரெசர்ப்பினைக் கொண்டுதான் மூளைக்குள் நடக்கும் காரியம் வெளிப்பட்டது. ரெசர்ப்பின் கொடுத்த பிராணி சோர்ந்து விழுந்துவிடும். சுவீடன் தேசத்து ஆர்விட் கார்ல்சன் 1957இல் அப்படி விழுந்து கிடந்த முயல்களுக்கு டோபா என்னும் பொருளை ஊசி போட, அவை எழுந்து நடமாடின. டோபா மூளைக்குள் டோபமின் என்னும் சரக்காக மாறுகிறது. ஒரு நரம்பணு அடுத்த நரம்பணுவுக்குச் சேதி சொல்ல வெளியே விடும் சரக்குகளில் டோபமினும் ஒன்று. இதற்காகக் கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதை நம் வீட்டுச் சாமானைக் கொண்டே விளக்கலாம். ஒரு வீட்டில் குதிர் நிறைய நெல் இருக்கிறது. அன்றன்றைக்குக் குத்திய அரிசி முறத்திலும் இருக்கிறது. நரம்பணுவிலும் டோபமின் இப்படி இரண்டு இடத்தில் இருக்கிறது: பழைய சேமிப்பு ஒன்று, புதிதாகச் செய்தது ஒன்று. ரெசர்ப்பின் குதிரைக் காலி செய்துவிடும். இன்னொரு மருந்து உண்டு, அது புதிதாகக் குத்துவதையே நிறுத்திவிடும். இப்போது எலியைக் கேளுங்கள். குதிரைக் காலி செய்த எலிக்கு ஆம்பெட்டமின் கொடுத்தால் அது அப்போதும் வெறி கொண்டு ஆடுகிறது. குத்துவதை நிறுத்திய எலியோ ஆடுவதில்லை. ஆகவே ஆம்பெட்டமின் முறத்து அரிசியை வாரி வெளியே இறைக்கிறது என்று ஏற்படுகிறது. இன்று நிலைகொள்ளாத குழந்தைகளுக்கு மேல்நாட்டு வைத்தியர்கள் கொடுக்கும் மெத்தில்பெனிடேட் என்னும் ஊக்க மருந்துக்கோ நேர் எதிரிடை: குதிர் காலியானால் அது வேலை செய்யாது, குத்துவது நின்றாலும் வேலை செய்யும். வெளியே பார்த்தால் இரண்டு எலியும் ஒரே மாதிரி ஓடுகின்றன. உள்ளே நடப்பது வேறு வேறு. ஹாலோபெரிடால் எதைச் செய்கிறது என்றால், குதிரையும் தொடுவதில்லை, முறத்தையும் தொடுவதில்லை. சோறு வாங்க வந்தவன் சட்டியை மூடிவிடுகிறது. ஆதலால் எந்த அரிசியானாலும் உள்ளே போவதில்லை. இரண்டு எலியும் நின்றுவிடுகின்றன.

மூளையில் எந்த இடம் என்றும் எலி காட்டிக் கொடுத்தது. 1975இல் கேம்பிரிட்ஜில் கெல்லி, செவியர், ஐவர்சன் என்பவர்கள் டோபமின் நரம்புகளை அழிக்கும் விஷத்தை மூளையில் ஓர் இடத்தில் செலுத்தியபோது ஓட்டம் நின்றது. வேறோர் இடத்தில் செலுத்தியபோது கடிப்பதும் நக்குவதும் நின்றன. ஓட்டத்துக்கு ஒரு வாசல், ஆட்டத்துக்கு ஒரு வாசல். மறு வருஷமே கனடாவிலும் அமெரிக்காவிலும் இன்னொன்று வெளிப்பட்டது: பைத்தியத்துக்குக் கொடுக்கும் மருந்துகள் டோபமின் சட்டியை எவ்வளவு பலமாக மூடுகின்றனவோ, அவ்வளவுக்கு நோயாளிக்குக் கொடுக்கும் அளவும் குறைவாக இருக்கிறது என்பது.

இவ்வளவும் பகுத்தறிவின் வெற்றி என்றுதான் நாமும் சொல்லுகிறோம். நிற்க, இனிமேல் சொல்லப் போவது நம்மவர்களில் சிலருக்கு அவ்வளவாக ருசிக்காமல் இருக்கலாம்.

எலி நின்றுவிட்டது என்றால் என்ன அர்த்தம்? வெறி தணிந்ததால் நின்றிருக்கலாம். தூக்க மருந்தின் மயக்கத்தால் நின்றிருக்கலாம். கை கால் விறைத்துப் போய் நகர முடியாமலும் நின்றிருக்கலாம். ஹாலோபெரிடாலின் அளவைக் கூட்டிக்கொண்டே போய், எலியின் முன்னங்கால்களை எடுத்து ஒரு கம்பியின் மேல் வைத்தால், வைத்தது வைத்தபடி பொம்மை போல நிற்கிறது. அதைப் பார்த்து எலி சாந்தமடைந்துவிட்டது என்று சொல்லுகிறவன் ஆராய்ச்சிக்காரன் அல்ல, ஜெயில் வார்டர். அதனால்தான் ஒழுங்கான பரீட்சையில், ஆம்பெட்டமின் இல்லாமல் வெறும் மருந்தை மட்டும் வேறு எலிகளுக்குக் கொடுத்து, சாதாரண நடமாட்டத்தையும் அது கெடுக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

எண்ணுகிற யந்திரமும் ஏமாற்றும். கூண்டின் குறுக்கே ஒளிக்கதிர்களை விட்டு, எலி அவற்றை எத்தனை தடவை மறித்தது என்று யந்திரம் கணக்கெடுக்கிறது. மட்டுமீறிய ஆம்பெட்டமினால் ஒரே இடத்தில் நின்று கம்பியைக் கடித்துக்கொண்டிருக்கும் எலி கதிரை அதிகமாக மறிப்பதில்லை. ஆகையால் யந்திரத்தின் கணக்கில் அது நல்ல எலி! அதற்கு ஹாலோபெரிடாலைக் கொஞ்சமாகக் கொடுத்தால் கடிப்பது தணிந்து, மறுபடி ஓட ஆரம்பிக்கிறது. அதாவது வெறி ஒரு படி இறங்கியிருக்கிறது. யந்திரமோ, மருந்து கொடுத்த பிறகு ஓட்டம் கூடிவிட்டது, மருந்து வெறியை ஏற்றுகிறது என்று எழுதுகிறது. எண்ணிக்கை பொய் சொல்லுவதில்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எதை எண்ணுகிறோம் என்று தெரியாவிட்டால் எண்ணிக்கையைப் போலப் பொய் சொல்லுவது வேறொன்றுமில்லை. நூறு பேர் நேர்ந்துகொண்டு பத்துப் பேருக்குப் பிள்ளை பிறந்தால் கோயிலிலும் அந்தப் பத்துத் தொட்டிலைத்தானே எண்ணுகிறார்கள்?

ஓட்டத்தை நிறுத்துவதுதான் சிகிச்சை என்றால் அதற்கு மருந்தே வேண்டாம், சங்கிலி போதும். ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவை நம்பிக் குடும்பத்தார் கொண்டுவந்து விட்ட மனநோயாளிகளைத் தனியார் கொட்டகையில் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி விடியற்காலையில் தீப்பிடித்தபோது ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களும் அதுவரையில் நின்ற இடத்தில்தான் நின்றார்கள். அவர்களைக் கட்டிப் போட்டவர்களும் அதை அடக்கம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள். சங்கிலிக்கும் மருந்துக்கும் உள்ள வித்தியாசம், மருந்து தன்னைப் பரீட்சை செய்து பார்க்க இடங்கொடுக்கிறது என்பதுதான். அப்படிப் பரீட்சை செய்யாமல் வாயில் போட்டு அடக்கும் மருந்து, உள்ளே விழுங்கிய சங்கிலியே ஆகும்.

இந்தச் சந்தேகத்தை நாம் வீணாகக் கிளப்பவில்லை. ஆம்பெட்டமின் எலியை அடக்குகிறதா என்று பார்த்தே மருந்தைத் தேர்ந்தெடுத்தால் என்ன கிடைக்கும்? டோபமின் சட்டியை மூடும் மருந்துதான் கிடைக்கும். சல்லடைக் கண் எந்த அளவோ அந்த அளவு மாவுதான் கீழே விழும். முதல் மருந்து தற்செயலாகக் கிடைத்தது. அதற்கேற்றபடி எலிப் பரீட்சை அமைந்தது. அந்தப் பரீட்சையைக் கொண்டு இரண்டாவது, மூன்றாவது, இருபதாவது மருந்து தேடப்பட்டது. எல்லாம் அண்ணன் தம்பிகளாகவே வந்தன. அவற்றின் கெடுதலும் குடும்பச் சொத்தாகவே வந்தது. கை நடுக்கம், உடல் விறைப்பு, உட்கார முடியாத பரபரப்பு என்று நோயாளிகள் பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல. இதில் கொடுமையான ஒரு வேடிக்கை உண்டு. இம்மருந்துகளை வருஷக்கணக்கில் தின்றவர்களில் ஒரு பகுதியாருக்கு நாக்கும் உதடும் தாடையும் தாமாகவே அசைய ஆரம்பித்தன. வாயில் ஒன்றுமில்லாமலே மெல்லுவார்கள், நாக்கை நீட்டுவார்கள், நிறுத்தச் சொன்னால் நிறுத்த முடியாது. 1964இல் டென்மார்க் வைத்தியர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்தார்கள். எலி மெல்லுவதை நிறுத்தியதற்காகத் தேர்ந்தெடுத்த மருந்து மனிதனை மெல்ல வைத்துவிட்டது!

சல்லடையில் தங்கிப் போனதற்கும் ஓர் உதாரணம் உண்டு. க்ளோசபின் என்னும் மருந்து 1958இலேயே சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டது. எலியை அது விறைக்க வைக்கவில்லை. வெறி கொண்ட எலி கடிப்பதையும் நக்குவதையும் சரியாகத் தடுக்கவும் இல்லை. ஓட்டத்தை மட்டும் அடக்கிற்று. அக்காலத்துச் சாஸ்திரப்படி விறைக்க வைக்காத மருந்து பைத்தியத்துக்கு உதவாது. சாஸ்திரம் என்று வேண்டுமென்றேதான் சொல்லுகிறோம். ஆராய்ச்சிசாலையிலும் சில சமயம் சாஸ்திரம் எழுதப்பட்டுவிடுகிறது. ஆனால் மருந்தைக் கொடுத்த வைத்தியர்கள் நோயாளி தெளிவதைக் கண்ணால் கண்டார்கள். பிறகு 1975இல் பின்லாந்தில் இம்மருந்தினால் இரத்தத்தின் வெள்ளணுக்கள் அழிந்து சிலர் இறந்துபோக, பல தேசங்களில் அதை ஒதுக்கினார்கள். 1988இல் அமெரிக்காவில், வேறு மருந்துகளால் குணமாகாத 268 நோயாளிகளை இரு பிரிவாக்கி ஆறு வாரம் பார்த்தார்கள். குளோர்புரோமசின் தின்றவர்களில் நூற்றுக்கு 4 பேரும், க்ளோசபின் தின்றவர்களில் நூற்றுக்கு 30 பேரும் தேறினார்கள். இன்று அம்மருந்தை இரத்தத்தைச் சோதித்துக்கொண்டே கொடுக்கிறார்கள். எலியின் தீர்ப்பை மட்டும் நம்பியிருந்தால் அந்த முப்பது பேரும் எங்கே இருந்திருப்பார்கள்?

எதிரிடையாகவும் நடந்திருக்கிறது. ஊக்க மருந்து மட்டுமல்லாமல் பென்சைக்ளிடின் என்னும் மயக்க மருந்தாலும் எலியை வெறி கொள்ளச் செய்யலாம். டோபமினைத் தொடாமல், குளூட்டமேட் என்னும் வேறொரு சரக்கின் வழியாக அந்த எலியின் ஓட்டத்தை அடக்கிக் காட்டிய மருந்தொன்றைப் பற்றி 1998இல் அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையார் எழுதினார்கள். உலகமே நிமிர்ந்து பார்த்தது. அதே வகையைச் சேர்ந்த ஒரு மருந்து 2007இல் மனிதருக்கும் உதவுவதாகத் தெரிந்தது. பெரிய பரீட்சைகளில் வெறும் மாத்திரையை விட மேலாக நிற்கவில்லை. 2012இல் கம்பெனிக்காரர்கள் கைவிட்டார்கள். எலி அடங்கிற்று, மனிதனுடைய நோய் அடங்கவில்லை. எலிக்குக் குரல் கேட்கிறதா, யாரோ துரத்துகிறார்கள் என்று அது நினைக்கிறதா என்று எவரும் கேட்டுச் சொல்ல முடியாது. ஸ்கிஸோஃப்ரீனியா நோயாளிகளில் பலர் ஓடுவதுமில்லை. பேச்சற்று, ஆசையற்று, மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவும் அவ்வியாதியின் பெரும் பங்கு. ஓடுகிற எலி அதைப் பற்றி நமக்கு என்ன சொல்லும்?

இதையெல்லாம் படித்துவிட்டு, விஞ்ஞானமே தடுமாறுகிறது, ஆகவே மாந்திரீகனிடமே போகலாம் என்று எவராவது கிளம்புவாரானால், அவருக்கு நாம் சொல்லுவது: மேலே கண்ட தவறு ஒவ்வொன்றையும் கண்டுபிடித்தது மாந்திரீகன் அல்ல, அதே ஆராய்ச்சிக்காரர்கள்தான், அதே எலியையும் அதே எண்ணிக்கையையும் மனிதப் பரீட்சையையும் வைத்துக்கொண்டுதான். வைத்தியர் கொடுத்த மாத்திரையைச் சாக்கடையில் எறிந்துவிடவும் வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பும் அபாயம் உண்டு. வைத்தியரிடம் போகும்போது, எந்த மருந்து, என்ன அளவு, அளவைக் குறைக்க முடியுமா, நாக்கும் கையும் அசைவதைப் பார்த்தீர்களா என்று கேட்பதற்கு நோயாளிக்கும் அவர் வீட்டாருக்கும் பூரண உரிமை உண்டு. அப்படிக் கேட்டால் கோபித்துக்கொள்ளும் வைத்தியர், பூணூல் போடாத புரோகிதர்.

கடைசியாக வந்த சேதியையும் சொல்லிவிடுகிறோம். சானோமெலின் என்னும் மருந்து 1990களில் ஞாபகமறதி நோய்க்காகப் பரீட்சிக்கப்பட்டது. அந்நோயாளிகளின் பிரமைகள் அதனால் குறைந்ததாக 1997இல் எழுதினார்கள். டோபமின் சட்டியை அது மூடுவதில்லை. அசிட்டைல்கோலின் என்னும் வேறொரு சரக்கின் வழியாகப் போகிறது. ஆம்பெட்டமின் எலியின் ஓட்டத்தையும் குறைக்கிறது, எலியை விறைக்க வைப்பதுமில்லை. வாந்தியும் வயிற்றுத் தொந்தரவும் தாங்காமல் வெகு நாள் கிடப்பில் கிடந்தது. அத்தொந்தரவைத் தடுக்கும் ட்ரோஸ்பியம் என்னும் இன்னொரு மருந்தோடு சேர்த்து, 2024 செப்டம்பரில் அமெரிக்க சர்க்கார் ஸ்கிஸோஃப்ரீனியாவுக்கு அனுமதித்திருக்கிறது. குளோர்புரோமசின் வந்து ஏழு பத்து வருஷங்களுக்கு மேலான பிறகு, டோபமின் சட்டியை மூடாத மருந்து ஒன்று இந்நோய்க்கென்று அங்கே அங்கீகாரம் பெற்றது இதுவே முதல் தடவை. வெளியிட்டபோது கம்பெனி அறிவித்த விலை மாதத்துக்கு 1,850 டாலர். ஏழை நோயாளியின் கைக்கு எட்டுவது இன்னமும் குளோர்புரோமசினும் ஹாலோபெரிடாலும்தான்; ஆகையால் அளவைப் பற்றியும் நாக்கு அசைவதைப் பற்றியும் உள்ள கேள்வி அவர்களுக்குப் பழைய கேள்வியாகிவிடவில்லை.